விழுந்தவர்களைத் தூக்கும் வேலைக்கு நான் விழப் பழகிய கதை

ஐஸில் ஓடும் சறுக்குச் சப்பாத்து வாடகைக்குக் கொடுக்கும் மேசையில் ஒரு கிழமை நின்றால் போதும், தன் கால் அளவை உண்மையாகச் சொல்லும் மனிதர் இந்த உலகத்தில் இல்லை என்பது விளங்கிவிடும். பெண்கள் ஒரு அளவு குறைத்துச் சொல்வார்கள், ஆண்கள் ஒரு அளவு கூட்டிச் சொல்வார்கள், பத்து நிமிடத்தில் இரண்டு பகுதியும் நொண்டிக்கொண்டு வந்து சப்பாத்தைக் குற்றம் சொல்லும். நாள் முழுக்கக் காலில் நின்று பிழைக்கிற எல்லோருக்கும் இந்தக் கதைகள் தெரிந்த கதைகளாகத்தான் இருக்கும். மற்றவர்கள் கதிரையில் இருந்து வாசிக்கலாம், எனக்குக் கோபம் இல்லை.

என் பெயர் ரெஜினா. மன்னார்க்காரி, வயது நாற்பத்தாறு. இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்த நாளிலிருந்து பத்தொன்பது வருடம் பொலிதேயாமா என்கிற பணக்காரப் பகுதி வீடுகளில் வேலை செய்தேன். சமையல், துடைப்பு, வயதானவர்களைப் பார்ப்பது, எல்லாம் ஒரே சம்பளத்துக்குள். கடைசியாக நான் பார்த்த வீட்டுக்கார அம்மா, சிக்னோரா என்று கூப்பிடுவோம், போன கோடையில் காலமானார். செத்தவீட்டிலேயே அவருடைய தங்கை சிக்னோரா ஆதெலே என் கையைப் பிடித்து, "இனி நீ என்னட்டை வா" என்றார். அவரிடம் வேலை என்றால் இரவும் பகலும் அங்கேயே தங்க வேண்டும், ஞாயிறு மத்தியானம் மட்டும் வீட்டுக்கு வரலாம். எனக்கு நகரத்தின் கால்சா பகுதியில் இரண்டு அறை வீடும், ஒரு புருசனும், பதினைந்து வயது மகளும் இருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டு, ஒக்டோபரில் இந்த ஐஸ் தளத்தில் சேர்ந்தேன். நகரத்தின் விளிம்பில் ஒரு பெரிய கூடாரம், அதற்குள் ஏப்ரல் வரைக்கும் ஐஸ், வாசலில் சப்பாத்து மேசை, மேசைக்குப் பின்னால் நான்.

சேர்ந்த அன்றே முதலாளி தொத்தோ ஒரு குண்டைப் போட்டார். இந்த வருடம் புதுச் சட்டமாம்: அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் ஐஸில் இறங்கி, விழுந்தவர்களைத் தூக்கத் தெரிய வேண்டும். ஜனவரி கடைசியில் பரீட்சை. தேறினால் ஏப்ரல் வரைக்கும் வேலை, அடுத்த குளிர்காலத்துக்கும் ஒப்பந்தம். தேறாவிட்டால் எனக்கு சிக்னோரா ஆதெலேயின் குசினிக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் இல்லாத அறைதான். அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு தரமும் எழும்பினேன்.

இத்தாலியர்கள் சொன்னதையெல்லாம் எங்கடை தமிழிலேயே எழுதுகிறேன். அவர்கள் வாசிக்கப் போவதில்லை.

முதல் துடைப்பு

முதல் நாள் காலை. கூடாரத்தில் ஆள் இல்லை. தொத்தோ ஒரு பெரிய இயந்திரத்தில் ஏறி ஐஸைச் சுற்றி இரண்டு மூன்று வட்டம் ஓட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார். பார்த்தால் தளம் முழுக்கத் தண்ணீர். பத்தொன்பது வருடம் சலவைக்கல் தரை துடைத்தவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? மனிசன் எதையோ உடைத்துக் கொட்டிவிட்டு ஓடிவிட்டான் என்று நினைத்தேன். புது வேலை, நல்ல பெயர் எடுக்க இதைவிடத் தருணம் கிடைக்காது. ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு துடைப்பானோடு உள்ளே இறங்கினேன்.

வாசலிலிருந்து மூன்று மீற்றர் வரைக்கும் வடிவாகத் துடைத்தேன். பிறகு துடைப்பானை அங்கேயே வைத்துவிட்டு, காய்ந்த துணி எடுத்து வரப் போனேன். திரும்பி வந்து துடைப்பானை இழுத்தால் அது வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன், தடி மட்டும் கழன்று வந்தது. அந்தத் தண்ணீரை இயந்திரம் வேண்டுமென்றே ஊற்றுகிறது, அது உறைந்துதான் தளம் கண்ணாடி மாதிரி வருகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? தொத்தோ கோப்பிக் கோப்பையோடு வந்து, ஐஸில் ஒட்டிக்கொண்டிருந்த துடைப்பான் துணியையும் என் கையிலிருந்த தடியையும் மாறி மாறிப் பார்த்தார். நூற்றுப் பத்துக் கிலோ மனிதர், கோபப்பட்டால் எப்படி இருக்கும் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "பலெர்மோவிலை தண்ணியை ஐஸாக்க நான் படுற பாடு கடவுளுக்குத்தான் தெரியும், நீ அதைத் துடைக்கிறாய்!"

முதல் அடி

எங்களுக்குப் படிப்பிக்க வந்தவள் இங்க்ரிட். மலையும் பனியும் உள்ள வடக்குப் பக்கத்துக்காரி, இருபத்தேழு வயது, ஒல்லி. பின்னேரங்களில் பிள்ளைகளுக்குச் சுழலவும் பாயவும் பழக்குகிற ஆசிரியை, மயெஸ்த்ரா என்பார்கள். காலையில் தளம் திறப்பதற்கு முன் ஒரு மணித்தியாலம் எங்களுக்கு. எனக்கு வாடகைச் சப்பாத்து வேண்டாம், அது கணுக்காலைப் பிடிக்காது என்று சொல்லித் தன்னுடைய பழைய சோடியை இரவலாகத் தந்தாள். வெள்ளைத் தோல், கீழே மினுங்குகிற பிளேட், அந்த பிளேட்டுக்கு நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் சோபா வாங்கி ஆறு வருடம், பிளாஸ்டிக் இன்னும் கழற்றவில்லை. ரிவி ரிமோட் பொலித்தீன் பையில் இருக்கிறது. மகளின் அலுமாரிக் கதவில் கடைக்காரன் ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. இரவல் பொருள் என்றால் இன்னும் ஒரு படி கூட. அந்த உறை வெறும் தரையில் நடக்கும்போது மட்டும் போடுவது என்று எனக்குத் தெரியாது, பிளேட் பழுதாகாமல் இருக்கத்தானே என்று நினைத்து உறையோடேயே ஐஸில் காலை வைத்தேன். காலை வைத்தது தெரியும், கூடாரத்தின் கூரையைப் பார்த்தது தெரியும், இடையில் நடந்தது தெரியாது. இங்க்ரிட் வந்து எனக்குப் பக்கத்தில் குந்தி, இரண்டு உறையையும் கழற்றிக் கையில் எடுத்தாள். "ரெஜினா, பிளேட்டுக்கு ஒண்டும் ஆகாது," என்றாள். "உறை உங்களுக்குத்தான் தேவை."

முதல் மன்னிப்பு

மூன்றாம் கிழமை, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு வட்டம் வரத் தொடங்கியிருந்தேன். புதன்கிழமைக் காலைகளில் ஆட்கள் குறைவு, அப்போது பழகலாம் என்று தொத்தோ சொல்லியிருந்தார். அந்த நேரத்துக்குத் தவறாமல் வருகிற ஒரு வாடிக்கையாளர் சிக்னோர் கார்மேலோ. அறுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் நகரத்தில் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வெடுத்தவர். ஐஸில் அவருக்கு ஓடத் தெரியும், திரும்பத் தெரியும், பிரேக் பிடிக்க மட்டும் தெரியாது. கையை முன்னால் நீட்டிக்கொண்டு, "தள்ளுங்கோ, தள்ளுங்கோ" என்று கத்தியபடி வருவார். எல்லோரும் தள்ளுவார்கள். நான் தள்ள முடியாமல் நின்றேன்.

இருவரும் விழுந்தோம். விழுந்ததுகூடப் பெரிதில்லை, விழும்போது என் கால் அவருடைய காலில் பட்டுவிட்டது. வயதில் மூத்த மனிதர்! யோசிக்கவே இல்லை, கை தன்பாட்டில் போய் அவருடைய முழங்காலைத் தொட்டு என் கண்ணில் ஒற்றியது. ஐஸில் சறுக்கி முதல் தரம் சரியாகத் தொடவில்லை போலிருந்தது, இன்னொரு தரம் தொட்டுக் கண்ணை மூடி ஒற்றினேன். கண்ணைத் திறந்து பார்த்தால், அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு சிலுவை அடையாளம் போடுகிறார். மல்லாக்கக் கிடந்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னார்: "சிக்னோரா, நான் இன்னும் உயிரோடைதான் கிடக்கிறன். செபத்தைக் கொஞ்சம் பிந்திச் சொல்லுங்கோ."

முதல் தனி ஓட்டம்

சுவரை விடுவதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. டிசம்பரும் பிறந்துவிட்டது. வாசலில் ரிக்கெற் கொடுக்கிற இரண்டு பேரும் என்னோடு தொடங்கியவர்கள், அவர்கள் நடுத் தளத்தில் ஓடித் திரிந்தார்கள். நான் கதவோரத்துப் பல்லி மாதிரிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். ஈரத் தரையில் நடந்து நடந்து என் உடம்பு ஒரு விதமாகப் பழகியிருக்கிறது: குதிக்காலில் பாரம், முழங்கால் இறுக்கம், கண் நிலத்தில். ஐஸுக்கு இது மூன்றும் விசம். இங்க்ரிட் நூறு தரம் சொன்னாள், முழங்காலை மடியுங்கோ, முன்னுக்குப் பாருங்கோ என்று. என் காது கேட்டது, முழங்கால் கேட்கவில்லை. இரவில் படுத்தால் சிக்னோரா ஆதெலேயின் அறை கண்ணுக்குள் வந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு நாள் உடுப்பு மாற்றும் அறையில் இருந்து அழுதும் இருக்கிறேன்.

அப்படி ஒரு காலையில் ஐஸில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. முந்தின நாள் பின்னேரம் பழகிய ஏதோ ஒரு பிள்ளையின் தலையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். தரையில் குப்பை கிடந்தால் என்னால் தாண்டிப் போக முடியாது, அது வியாதி. சுவரை விட்டேன், முழங்காலை மடித்தேன், வழுக்கிக்கொண்டே போய்க் குனிந்து அதை எடுத்தேன், இன்னும் கொஞ்சத் தூரத்தில் இன்னொன்று தெரிந்தது, அதையும் எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது நான் நடுத் தளத்தில் நிற்கிறேன். பிடிக்க ஒன்றும் இல்லை. பயத்தில் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் இங்க்ரிட் தன் கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி ஐஸில் எறியத் தொடங்கினாள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, கடைசியாக அடுத்த கரையில் ஒன்று. நான் பொறுக்கிக்கொண்டே முழு வட்டமும் ஓடினேன். தலைமயிர் தோளில் விழ நின்றுகொண்டு அவள் சொன்னாள்: "மற்றவைக்கு நான் பாட்டுப் போட்டுப் பழக்கிறனான். உங்களுக்குக் குப்பை போதும்."

முதல் சொந்தச் சப்பாத்து

நத்தார்ப் பண்டிகைக்கு என் புருசன் அன்ரன் எனக்கு ஒரு சோடி வாங்கித் தந்தார். போனில் பார்த்து, யாரோ பாவித்து விற்றது. சங்கிலியோ சீலையோ வாங்காமல் சறுக்குச் சப்பாத்து வாங்கித் தருவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. மனம் நிறைந்துபோனது, அதை அவருக்கு முன்னால் காட்டவில்லை. அளவும் சரியாக இருந்தது.

பக்கத்து வீட்டுப் புவனாவிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரி, சைவ சமயம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோலிக்கரான எங்களோடு சேர்ந்து சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் மலைக்கு நடந்து ஏறுவாள், எந்த வாசலிலும் ஒரு கும்பிடு போட்டு வைப்பதில் அவளுக்கு நட்டம் இல்லை. சப்பாத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெஜினா அக்கா, இது உருண்டு போற சாமான் மாதிரித்தானே? எலுமிச்சங்காய் வைக்காமல் ஏறாதையுங்கோ" என்றாள். அவளுடைய புருசன் வான் வாங்கியபோது நாலு சில்லுக்குக் கீழேயும் வைத்து நசித்துத்தான் எடுத்தார்கள். அந்த வானுக்கு இதுவரை ஒரு கீறல் இல்லை. எனக்குப் பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கோயில், தேவாலயம், எலுமிச்சை, எது உதவினாலும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

அடுத்த நாள் காலையில் அவளும் வந்தாள். தளத்தின் வாசலில், ஐஸின் மேல், ஒரு காலுக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சை. புவனா வெளியில் நின்று என் கையைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி மிதித்தேன். வான் சில்லு நசிக்கும், பிளேட் வெட்டும் என்பதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. காய் இரண்டும் நாலு பாதியாகி நாலு திசைக்கும் ஓடின. ஒன்று நடுத் தளம் வரைக்கும் போய் நின்றது. வெள்ளை ஐஸில் சாறும் விதையும். இங்க்ரிட் ஓடி வந்து, புளிச்சாறு பட்டால் இரும்பு என்னாவது என்று கத்தியபடி என் காலைத் தூக்கி பிளேட்டைத் துடைத்தாள். நான் ஒற்றைக் காலில் நின்றேன். சத்தம் கேட்டு வந்த தொத்தோ எல்லாவற்றையும் ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். கோடை முழுக்க எலுமிச்சை ஐஸ் தின்கிற சிசிலிக்காரர் அல்லவா, அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை: "ஐஸ் இருக்கு, எலுமிச்சை இருக்கு. சீனி எங்கை?"

முதல் விமர்சனம்

என் மகள் சோபியா பள்ளிக்கூட விடுமுறைக் காலை ஒன்றில் வந்து, நான் பழகுவதைப் போனில் எடுத்து, எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லோருடைய கண்ணும் என் காலில். எங்கள் ஆட்களைத் தெரியாதா? நேராகக் கேட்க மாட்டார்கள். "தங்கச்சி, உடம்பு கொஞ்சம் இளைச்சிருக்கு போல" என்று தொடங்குவார்கள். ஒரு அண்ணை மட்டும் என்னை விட்டுவிட்டு அன்ரனிடம் போய், இந்த வயதில் மனிசியைச் சறுக்கு விளையாட விட்டிருக்கிறாய், விழுந்து இடுப்பு முறிந்தால் யார் பார்ப்பது என்று கேட்டார்.

அன்ரன் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை, நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டியோடு நிற்பவர். அவர் வீட்டில் இதைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் சொன்னதில்லை. அன்றைக்கு என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் கிட்டப் போய் நின்றேன். அவர் அண்ணையின் தோளில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்குக் குசினியிலை மீன் எண்ணெயிலை கால் சறுக்குது, அவவுக்கு ஐஸிலை சறுக்குது. ரெண்டும் வேலைதானே அண்ணை. அவவின்ரை இடத்திலை மீன் மணக்கிறேல்லை, அது ஒண்டுதான் வித்தியாசம்."

முதல் சுழல்

இது பரீட்சையில் இல்லை. ஜனவரி நடுவில் ஒரு புதன்கிழமைக் காலை. நிறுத்துவது வந்துவிட்டது, பின்பக்கமாகப் போவது அரைகுறை. நான் அதையே திரும்பத் திரும்பச் செய்து களைத்துப் போயிருந்தேன். இங்க்ரிட் திடீரென்று, "அதை விடுங்கோ. இண்டைக்கு ஒண்டு காட்டுறன், இது சோதினைக்கு இல்லை, சும்மா உங்களுக்கு" என்றாள். இரண்டு காலையும் ஊன்றி நின்று, கையை விரித்து, உடம்பைத் திருப்பிவிட்டு, கையை மார்போடு சேர்த்தாள். அவ்வளவுதான், பம்பரம் மாதிரிச் சுற்றினாள்.

நானும் கையை விரித்தேன், திருப்பினேன், சேர்த்தேன். கூடாரம் சுற்றியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அந்த இரண்டு சுற்றில் எனக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை, பெரிய சத்தமாகச் சிரித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் செய்தது எல்லாம் ஏதோ ஒன்றுக்காக, யாரோ ஒருவருக்காக. ஒன்றுக்கும் உதவாத ஒரு காரியத்தை எனக்காக மட்டும் செய்தது அன்றைக்குத்தான். தலை சுற்றி, எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாமல் நின்று தள்ளாடினேன், சந்தோசத்துக்கு மட்டும் குறைவில்லை. சுவரோரத்தில் சப்பாத்து கட்டிக்கொண்டிருந்த சிக்னோர் கார்மேலோ கைதட்டிக்கொண்டு கத்தினார்: "ஒரு ரிக்கெற்றுக்கு ரெண்டு சுத்தோ! என்ரை பஸ்ஸிலை எண்டால் இறக்கிவிட்டிருப்பன்!"

முதல் தூக்கல்

பரீட்சை நாள். நாங்கள் மூன்று பேர். கையில் ஒரு தாளோடு இங்க்ரிட் நின்றாள், சிரிக்கவில்லை. ஒரு வட்டம் முன்பக்கமாக: செய்தேன். விசிலுக்கு நிற்க வேண்டும்: நின்றேன். தளத்தின் அகலத்துக்குப் பின்பக்கமாகப் போக வேண்டும்: பாதி வரைக்கும் ஒழுங்காகப் போய், பிறகு கோணலாகிச் சுவரில் முதுகை மோதி நின்றேன். இங்க்ரிட் தாளில் ஏதோ எழுதினாள். ஜன்னல் இல்லாத அந்த அறை எனக்கு நினைவுக்கு வந்தது. சிக்னோரா ஆதெலே முந்தின நாள் இரவும் அழைத்து, அறைக்குப் புதுப் போர்வை வாங்கி வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

கடைசிப் பாகம், விழுந்தவரைத் தூக்குவது. விழுந்தவராக நடிப்பதற்குத் தொத்தோ தானே வந்து ஐஸில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். முதல் ஆள் ஓடி வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்து இழுத்தான், தொத்தோ அசையவில்லை, அவன் அவர் மேல் விழுந்தான். இரண்டாவது ஆள் எப்படியோ தம் பிடித்து நிமிர்த்திவிட்டான். பிறகு என் முறை. அவருடைய கையைப் பிடிக்கத்தான் போனேன். கிட்டப் போனதும் மனிசர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த விதம், நான் பார்த்த வயதானவர்கள் குளியலறையில் விழுந்து கிடந்த மாதிரியே இருந்தது. என் உடம்புக்குப் பரீட்சை மறந்துவிட்டது. பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். "சிக்னோர் தொத்தோ, அசையாதையுங்கோ. தலையிலை அடிபட்டதோ? எங்கை நோகுது? கால் விரலை ஆட்டிக் காட்டுங்கோ" என்றேன். "முதுகு குளிருது, தூக்கு!" என்றார். நான் தூக்கவில்லை. ஒவ்வொரு காலாகத் தொட்டுக் கேட்டேன். விழுந்த மனிசரைக் கேட்காமல் இழுத்தால் சின்ன வெடிப்பும் முறிவாகிவிடும், அதை நான் ஒரு வீட்டில் கண்ணால் கண்டவள். பிறகு அவரைப் பக்கவாட்டில் திருப்பி, நாலு காலில் நிற்க வைத்து, ஒரு காலை ஊன்றச் சொல்லி, நான் எழும்பி முன்னால் பாதத்தை அகட்டி நின்றுகொண்டேன். அவர் தன் பலத்தில் தானே எழும்பினார். என் கை அவருடைய முழங்கையில் சும்மா பட்டுக்கொண்டு மட்டும் இருந்தது.

சரியாக ஏழு நிமிடம் எடுத்திருந்தேன். மற்றவனுக்கு அரை நிமிடம். தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். இங்க்ரிட் தாளை மடித்து, "பின்பக்கம் போறதை இன்னும் பழக வேணும். தூக்கிறதை மற்ற ரெண்டு பேருக்கும் இவவே படிப்பிக்கட்டும்" என்றாள். எனக்கு விளங்கவில்லை, தொத்தோவைப் பார்த்தேன். அவர் முதுகில் ஒட்டியிருந்த ஐஸ் தூளைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "கட்டி முப்பது வருசம், என்ரை மனிசிகூட எங்கை நோகுதெண்டு இப்பிடி விபரமாக் கேட்டதில்லை. வா, கையெழுத்தை வை."

முதல் ‘இல்லை’

அன்று மத்தியானமே கூடாரத்தின் பின்பக்கம் போய் நின்று சிக்னோரா ஆதெலேக்குப் போன் எடுத்தேன். இதையும் என் முதல்களில் சேர்க்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் எந்த சிக்னோராவிடமும் நான் ‘இல்லை’ என்று நேரே சொன்னதில்லை. பார்ப்போம் என்பேன், மகளுக்குக் காய்ச்சல் என்பேன், பஸ் வரவில்லை என்பேன். அன்றைக்கும் நாக்கு அந்தப் பாதையில்தான் போகப் பார்த்தது. நான் கையிலிருந்த ஒப்பந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு, "சிக்னோரா, நான் வரேல்லை. எனக்கு வேலை இருக்கு, பின்னேரம் நான் என்ரை வீட்டை போகவேணும்" என்றேன். சொன்ன பிறகு பக்கத்திலிருந்த கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பொல்லாதவர் இல்லை, தனியாக இருக்கிற மனுசி, அந்தப் போர்வையை அன்போடுதான் வாங்கியிருப்பார். எனக்கும் பாவமாக இருந்தது. புவனாவின் மச்சாள் பகல் வேலை தேடுகிறாள், அவளை அனுப்பி வைக்கிறேன் என்றேன். சரி என்றார். பிறகு மனம் கேட்காமல், "ரெஜினா, உன்ரை வயசிலை ஐஸிலை ஏறுறாய், ஒரு நாளைக்கு விழப்போறாய்" என்றார். "ஓம் சிக்னோரா," என்றேன், "கிழமைக்கு நாலு தரம்." அவர் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிரித்தார். வைக்கும் முன் கேட்டார்: "வயசான ஆக்களுக்கும் சப்பாத்து இருக்கோ? என்ரை கால் முப்பத்தாறுதான்."

அவர் வந்த அன்று நான் கேட்காமலே முப்பத்தேழை எடுத்துக் கொடுத்தேன், கனகச்சிதமாக இருந்தது.

ஆக, இந்தக் குளிர்காலத்தில் நான் சம்பாதித்தது ஒரு ஒப்பந்தமும் இடப்பக்க இடுப்பில் விழுந்து வாங்கிய ஒரு பெரிய நீலக் கண்டலும், இரண்டும் அடுத்த ஏப்ரல் வரைக்கும் நின்று பிடிக்கும் போலத்தான் இருக்கிறது.